லாரேயின் தண்ணீர்க் கணக்கு

லாரே மோர்டன்சனுக்காக ஹார்லோ சபைப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து தண்ணீர் குடிப்பது என்று ஏப்ரல் மாதம் முடிவாயிற்று. முடிவான அன்றைக்கே தண்ணீர் என்றால் எது என்று சண்டையும் வந்துவிட்டது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் சபையில் காபி ஆகாது, டீ ஆகாது, சாராயம் ஆகவே ஆகாது, ஆனால் சோடாவைப் பற்றி வேதத்தில் ஒரு வார்த்தையும் இல்லையே என்று கண்டுபிடித்து, அதில் தேங்காய் சிரப்பையும் க்ரீமையும் ஊற்றிக் காரில் உட்கார்ந்தபடியே குடித்து வளர்ந்த ஜனங்கள் நாங்கள். எது கணக்கில் சேரும், எது சேராது என்று வாதாடுவது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம்.

லாரே அந்தச் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. பின்வரிசை இரும்பு நாற்காலியில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளை முன்னிட்டுத்தான் கூட்டம் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஐம்பது வயதைத் தாண்டியவள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். இருபது வருஷமாக அதே மஞ்சள் வண்டி, அதே பண்ணைச் சாலைகள். பஸ் ஓட்டுகிறவர்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பாதி வழியில் அவசரம் என்றால் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே இறங்குவது? தாகத்தை அடக்குவது அந்தத் தொழிலில் முதல் பாடம்.

அவள் கணவன் கெர்ட் வான்கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றிப் போகிற லாரி ஓட்டினான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரி காலையில் மலைப்பாதைப் பனிக்கட்டியில் லாரி வழுக்கிக் கீழே போயிற்று. பஸ் நிறுத்தும் இடத்துக்கே ஷெரிப் வந்து செய்தி சொன்னார். லாரே கேட்டுக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். சாயங்கால நடைக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்துப் போய், ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் வீட்டுக்குப் போனாள். சிலர் அதை நெஞ்சழுத்தம் என்றார்கள், சிலர் விசுவாசத்தின் பலம் என்றார்கள். அவளைக் கேட்டால், பிள்ளைகளை வேறு யார் இறக்கிவிடுவது என்றுதான் கேட்டிருப்பாள். அவள் சொல்வதற்கு அதைத் தவிர வேறொன்றும் இல்லை. அன்று உள்ளே ஏதோ மரத்துப்போயிற்று. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரமரப்பு போல, இன்றைக்குத் தெளியும் நாளைக்குத் தெளியும் என்று பார்த்தாள். தெளியவில்லை.

ஊர் அவளைக் கைவிடவில்லை. சாவு வீட்டுக்கு நாங்கள் கொண்டுபோவது உருளைக்கிழங்கு பேக். பாலாடையும் சீஸும் வெண்ணெயும் வழிய, மேலே நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸ் தூவி, கண்ணாடித் தட்டோடு கொடுப்போம். தட்டின் அடியில் ஒட்டிய டேப்பில் வீட்டுக்காரி பெயர் இருக்கும். லாரேவுக்குப் பசிக்கவில்லை. ஆனால் தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. அதற்காகச் சாப்பிட்டாள். ஒரு தட்டைக் காலி செய்து கழுவிக் கொடுத்தால், பாவம் எப்படிச் சாப்பிட்டிருக்கிறாள் பார் என்று மறுவாரமே அந்தத் தட்டு நிறைந்து வரும். இப்படியே ஒரு வருஷம் போயிற்று. பஸ்ஸின் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டிய அளவுக்கு உடம்பு பெருத்தது. அதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி பாய்டின் சிறுநீரகங்கள் இரண்டும் போயின. மனைவி எப்போதோ பிரிந்து பிள்ளைகளோடு ஐடஹோ போய்விட்டாள். பாய்ட் வான்கோழிக் கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்தான். வாரத்தில் மூன்று நாள் ப்ரோவோவுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அழைத்துப் போகிறவள் லாரேதான். கையில் ஊசி குத்துகிற ரத்தக்குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, ரொம்ப நாள் தாங்காது, உறவில் யாராவது கொடுத்தால் சீக்கிரம் கொடுக்கட்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சோதித்துப் பார்த்ததில் லாரேயின் சிறுநீரகம் அச்சாகப் பொருந்தியது. அவளும் உடனே சரி என்றாள், யாரோ உப்பு டப்பாவை நகர்த்தச் சொன்ன மாதிரி.

ஆனால் சால்ட் லேக் ஆஸ்பத்திரியில், இந்த எடையில் உங்கள்மேல் கத்தி வைக்க மாட்டோம் என்றார்கள். முப்பது பவுண்டு குறைக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் வந்து எடை பார்க்கலாம். அதுவரை அளவாகச் சாப்பிட வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் தாகத்தை அடக்கப் பழகியவளிடம், இப்போது தாகமே எடுக்காதவளிடம், தண்ணீர் குடி என்றார்கள்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் சபைப் பெண்கள் கூடினார்கள். அவள் ஒருத்தியாகக் குடித்தால் மறந்துவிடுவாள், நாம் எல்லோரும் குடிப்போம், தினமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். சபையில் பெண்கள் எல்லோருமே எங்களுக்கு சிஸ்டர்தான்; பெண்கள் சங்கத் தலைவி சிஸ்டர் ரிக்பி, குழாயில் வருவது மட்டும்தான் சேரும் என்று ஆரம்பத்திலேயே வரப்பு கட்டினாள்.

"எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சீங்கன்னா அது ஜூஸ். அப்புறம் அத தண்ணின்னு எப்படி சொல்றது?"

அப்படியானால் வெள்ளரிக்காய்த் துண்டு போட்டால் என்று ஒருத்தி கேட்டாள். கடையில் விற்கிற வாசனைப் பொடியைக் கலந்தால் என்று இன்னொருத்தி. ஐஸ் குச்சி? தர்பூசணி? சூப்? சூப் என்றதும் சிரிப்பு எழுந்து கூட்டம் கலகலத்தது. பிஷப்பிடம் கேட்டார்கள். அவர் நழுவத் தெரிந்தவர், ஜெபித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகப் பெண்ணையே போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்கள். சர்க்கரை இல்லாமல் வாசனைக்கு ஏதாவது சேர்த்தால் அதுவும் தண்ணீர்க் கணக்குதான் என்றாள் அவள். கைதட்டல் எழுந்தது. சர்க்கரையும் க்ரீமும் சேர்ந்தால் அது தண்ணீர் மட்டுமல்ல, சாப்பாடும்கூட என்று அடுத்து அவள் சொன்னது கைதட்டலில் அமுங்கிப்போனது. சிஸ்டர் ரிக்பி உதட்டைச் சுழித்துக்கொண்டு சபையின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டாள். பின்வரிசையில் இருந்த லாரேவுக்கு இரண்டு வாக்கியமும் காதில் விழுந்தன. அவள் விவரம் தெரிந்தவள்தான்.

மறுநாள் காலை நடை முடிந்ததும் 'ஃபிஸ் பார்ன்' சோடாக் கடை ஜன்னலுக்குப் போனாள். கெர்ட் இருந்த காலத்திலிருந்தே தினம் போகிற கடை. இரண்டு பேரும் ஒரே மாதிரி வாங்குவார்கள்: கோலா, தேங்காய் சிரப், க்ரீம், எலுமிச்சை, பெரிய கப். அவன் போன பிறகும் அவள் அதையே வாங்கினாள், வேறு என்ன வாங்குவது என்று யோசிக்கத் தோன்றாததால். ஜன்னலில் நிற்கிற கென்லி என்ற பெண், அதே சபைதான், சின்ன வயதில் லாரேயின் பஸ்ஸில் முதல் இருக்கைக்குச் சண்டை போட்டவள்.

கோலாவுக்குப் பதில் தண்ணீர், சர்க்கரை இல்லாத தேங்காய் சிரப், எலுமிச்சை, க்ரீம் வேண்டாம் என்று லாரே சொன்னாள். காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று. கென்லி தலையாட்டிக்கொண்டு கலந்து, மூடி போட்ட வெள்ளைத் தெர்மாகோல் கப்பில் ஸ்ட்ராவைக் குத்திக் கொடுத்தாள்.

வெறும் தண்ணீரை லாரேவால் இறக்க முடியவில்லை. தொண்டை மறுத்தது. கையில் அந்தக் கப் இருந்தால் மட்டும் பழக்கத்தில் உறிஞ்சிவிடுவாள். அதனால் அவளுடைய தண்ணீரெல்லாம் அநேகமாக அந்தக் கப்பிலிருந்துதான் வந்தது. பகலில் வேகவைத்த கோழி, வெள்ளரிக்காய், அரை ரொட்டி. பசி எடுக்காதவளுக்கு அதில் கஷ்டமே இல்லை. என்ன கட்டுப்பாடு என்று ஊர் மெச்சியது. அவளுக்கு அது கட்டுப்பாடாகத் தோன்றவில்லை, எதுவுமாகவும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபை முடிந்ததும் பாய்ட் அவள் வீட்டில் சாப்பிடுவான். அவனுக்கு நாள் முழுவதற்கும் அளவு ஒரு நீலக் குவளைத் தண்ணீர். அதற்கு மேல் போனால் கால் வீங்கும், நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். மாத்திரை விழுங்குகிற தண்ணீர், சூப், ஜெல்லி, ஐஸ், எல்லாம் அந்தக் குவளைக்குள் அடக்கம். உறைய வைத்த திராட்சையை வாயில் அடக்கிக்கொண்டு பொழுதை ஓட்டுவான். ஒரு ஞாயிறு, பெண்கள் சங்கத்தின் தண்ணீர் வழக்கை லாரே சொல்லக் கேட்டு அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அக்காவை அவன் கூப்பிடுவது ரே என்றுதான்.

"ஊர்ல எல்லாரும் எது சேரும் எது சேராதுன்னு அடிச்சுக்கிறீங்க. எனக்கு எல்லாமே சேருது, ரே. இன்னிக்கு சபையில அப்பத்தோட அந்த விரக்கடைக் கப்புல தண்ணி குடுத்தாங்கல்ல, அதுகூட என் கணக்குதான். கர்த்தர்கூட தள்ளுபடி குடுக்க மாட்டேங்கிறாரு."

"வாயக் குறை. தாகம் எடுக்கும்," என்றாள் லாரே.

"எடுக்காம எப்ப இருந்துச்சு? கனவுல எல்லாம் வாய்க்கால்தான் வருது. நீ பாட்டுக்கு எங்கயோ பாத்துக்கிட்டு அந்தக் கப்ப உறிஞ்சிட்டே இருக்க. பாக்குறப்போ வயிறு எரியுது போ."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அவன் கண் கப்பின் மேலேயே இருந்தது. லாரே அதை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தாள்.

ஆகஸ்ட் வந்தது. ஆஸ்பத்திரியில் எடை மேடையில் ஏறினாள். நான்கு பவுண்டு குறைந்திருந்தது. மறுபடி ஏறச் சொன்னார்கள். நான்குதான். கொடையாளிகளைக் கவனிக்கிற நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பேசினாள். சாப்பிடுவதில் சிலது சொல்ல மறந்துபோவது சகஜம் என்றாள். மனசுக்குள் கொடுக்க விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லலாம், தம்பியிடம் வேறு காரணம் சொல்லிக்கொள்வோம், யாருக்கும் தெரியாது என்றாள். லாரே, கோழியும் வெள்ளரிக்காயும் தண்ணீரும்தான் என்றாள். நர்ஸ் தலையசைத்தாள், நம்பாதவர்கள் அசைக்கிற மாதிரி. நவம்பரில் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். பொய்க்காரி என்று முகத்துக்கு நேரே சொல்லாத குறை. வேறு ஒருத்தியாக இருந்தால் பொங்கியிருப்பாள். லாரே கார் சாவியைத் தேடி எடுத்தாள்.

வழியில் ப்ரோவோவில் பாய்ட் டயாலிசிஸ் முடிந்து காத்திருந்தான். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, பழந்துணி மாதிரி இருந்தான். என்ன சொன்னார்கள் என்று கேட்டான். நவம்பர் என்று அவள் சொன்னாள். இரண்டு நாளுக்கு முன்தான் மறுபடி கை ரத்தக்குழாய் அடைத்து, அவன் கழுத்தில் ஒரு குழாய் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஊருக்குள் நுழைந்ததும் கை தானாகவே வண்டியை 'ஃபிஸ் பார்ன்' பக்கம் திருப்பியது. கென்லி கப்பை நீட்டினாள். பாய்டின் டிரெய்லர் முன்னால் வண்டியை நிறுத்தியபோது லாரே பாதியை உறிஞ்சியிருந்தாள். பாய்ட் இறங்கவில்லை.

"ஒரு வாய் குடேன்," என்றான்.

"உன் அளவு?"

"இன்னிக்குக் குவளையில ஒரு வாய் மிச்சம் வச்சிருக்கேன். ராத்திரிக்குன்னு வச்சது. இப்ப குடு."

கொடுத்தாள். அவன் ஸ்ட்ராவை உதட்டில் வைத்து ஒரு மிடறு இழுத்து, விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடியிருந்தான். பிறகு விழுங்கினான். கண்ணைத் திறந்து, மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான். வெள்ளையாக இருந்தது.

"ரே, இதுல க்ரீம் இருக்கு."

"இல்லடா. வேண்டாம்னு சொல்லித்தான் வாங்குறேன்."

"க்ரீம் இருக்கு. சிரப்பும் சர்க்கரை போட்ட சாதா சிரப்பு. பல்லெல்லாம் கூசுது. தினம் இதையா குடிக்கிற?"

அவள் கப்பை வாங்கிப் பார்த்தாள். பார்க்கிறபோது தெரிந்தது. மறுபடி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். குளிர்ச்சி மட்டும்தான் தெரிந்தது.

பாய்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கோபம் வந்தது. அக்காமேல் அவன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"ஏப்ரல்லருந்து குடிக்கிற. ஒரு நாள் கூடவா தெரியல? இதுல ஒரு மிடறுக்கு நான் நாள் முழுக்கக் காத்துக் கிடக்கிறேன். நீ எப்படி இருக்குன்னுகூடத் தெரியாம ஊத்திக்கிட்டே இருந்திருக்க."

"தெரியலடா," என்றாள் லாரே.

"எப்படி இருந்துச்சு? அதையாவது சொல்லு."

"தெரியல, பாய்ட். எனக்கு எதுவுமே தெரியல."

அவன் கதவைத் திறந்து இறங்கிப் போனான். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினான். லாரே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். தன்னால் அவன் இன்னும் மூன்று மாதம் டயாலிசிஸ் நாற்காலியில் போய்ப் படுக்க வேண்டும், அதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்று அவளுக்குப் புரிந்தது. வெட்கமாக இருக்க வேண்டும் என்றும் புரிந்தது. புரிந்ததெல்லாம் தலையோடு நின்றுவிட்டது, கீழே இறங்கவில்லை.

மறுநாள் கென்லியிடம் கேட்டாள். அந்தப் பெண் ஜன்னலிலேயே அழுதுவிட்டாள். முதல் சில நாள் சொன்னபடிதான் கலந்தாளாம். ஒரு நாள் லாரே ஒரு வாய் குடித்துவிட்டு வெறித்தபடி உட்கார்ந்திருந்தாளாம், பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தும் நகரவில்லையாம். சப்பென்று இருக்கிறது போல, பாவம், என்று நினைத்து அன்றிலிருந்து நல்ல சிரப்பும் தேங்காய் க்ரீமும் ஊற்றிக் கொடுத்தாளாம். அதற்கு வாங்க வேண்டிய காசைக்கூட வாங்கவில்லை.

"துக்கத்துல இருக்கிறவங்களுக்கு இனிப்பா ஏதாவது குடுக்கணும்னு அம்மா சொல்லுவாங்க, சிஸ்டர். குடிச்சா உங்களுக்கே தெரியும், புடிக்கலன்னா சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. அதனால புடிச்சிருக்குன்னு…"

எங்கள் ஊரில் அன்பு என்றால் வெண்ணெய், இல்லாவிட்டால் சர்க்கரை. வேறு பாஷை எங்களுக்குத் தெரியாது. யார் வீட்டிலாவது இடி விழுந்தால் இனிப்போடு போய் நிற்போம், தின்றால் திருப்தியாகத் திரும்பிவிடுவோம். அந்தச் சின்னப் பெண்ணைத் திட்ட என்ன இருக்கிறது. லாரே ஜன்னலுக்குள் கையை நீட்டி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். இனிமேல் வரவில்லை, கோபித்துக்கொண்டதாக நினைக்காதே என்று சொன்னாள்.

அன்று முதல் குழாய்த் தண்ணீர். தொண்டை மறுக்க மறுக்க, பேதி மருந்து குடிப்பது போல மூச்சைப் பிடித்துக் குடித்தாள். சாயங்கால நடை முடிந்து வண்டியைக் கழுவும் முன் ஒரு தடவை, கழுவிய பின் ஒரு தடவை. ருசி இல்லை, தாகம் இல்லை, நம்பிக்கைகூட இருந்ததாகச் சொல்ல முடியாது. ப்ரோவோவுக்குப் போகும் வழியில் பாய்ட் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். அக்டோபரில் கழுத்துக் குழாயில் கிருமி சேர்ந்து குளிர்ஜுரத்தோடு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். லாரே பக்கத்தில் உட்கார்ந்து தன் பாட்டிலைக் குடித்தாள். அவன் பார்வை படாத பக்கமாகத் திரும்பிக் குடித்தாள்.

நவம்பரில் எடை சரியாக இருந்தது. அதே நர்ஸ் தட்டிக்கொடுத்தாள். ஜனவரியில் நாள் குறித்தார்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அவளுடைய சிறுநீரகம் பாய்டுக்குள் போன உடனே வேலை செய்யத் தொடங்கியது என்று டாக்டரே வந்து சொன்னார். ஊரிலிருந்து வாழ்த்து வந்தது, பூ வந்தது. ஆஸ்பத்திரி தடுத்திராவிட்டால் உருளைக்கிழங்கும் வந்திருக்கும். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு நிம்மதி என்று ஒன்று வந்திருக்க வேண்டும். வயிற்றில் தையல் இழுத்தது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

புதுச் சிறுநீரகம் நிலைக்க வேண்டுமென்றால் பாய்ட் இப்போது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அளவு போட்டுத் தடுத்தவர்களே ஜாடி ஜாடியாக வைத்துக் குடி குடி என்றார்கள். முதல் நாள் அவன் குடித்ததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்: டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணை மூடி மூடிக் குடித்தானாம். துப்புரவு செய்ய வந்த அம்மாளே நின்று பார்த்தாளாம்.

மூன்றாம் நாள் லாரே சலைன் பாட்டில் தொங்கும் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு, தையலில் ஒரு சின்னத் தலையணையை அமுக்கிப் பிடித்தபடி, மெல்ல நடந்து அவன் அறைக்குப் போனாள். பாய்ட் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. எழுந்து உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஜாடி நிறையத் தண்ணீர் தொடாமல் இருந்தது. நர்ஸ் அப்போதுதான் குடிக்கச் சொல்லிக் கண்டித்துவிட்டுப் போயிருந்தாள்.

"வா, ரே. உன் கிட்னி நல்ல உழைப்பாளி," என்றான். பிறகு ஜாடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "ஆனா இந்தத் தண்ணிதான். காலைலருந்து குடிச்சு குடிச்சு சலிச்சுப்போச்சு. சப்புனு இருக்கு. கீழ கடையில யாரையாவது விட்டு எதையாவது கலந்து வாங்கிட்டு வரச் சொல்லேன். சர்க்கரை இல்லாததுதான். அதுவும் தண்ணிக் கணக்குல சேரும்ல?"

லாரே அவனைப் பார்த்தாள். அடிவயிற்றில் தையலுக்குப் பக்கத்தில் ஏதோ சூடாகக் கிளம்பியது. வலி என்றுதான் முதலில் நினைத்தாள்.

"சப்புனு இருக்கா?" என்றாள்.

"இல்ல, சும்மாதான்…"

"வயித்தக் கிழிச்சு எடுத்துக் குடுத்திருக்கேன். மூணே நாள்ல சப்புனு இருக்காம்ல. எடுத்துக் குடிடா."

குரல் அவளுடையது போலவே இல்லை. பாய்ட் ரிமோட்டைக் கீழே வைத்தான். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியவில்லை. "எவன் நான் சொல்றதைக் கேட்டான்? மணல் லாரி போய்ப் பாதையில பனிக்கட்டி மேல மணல் கொட்டிட்டு வரட்டும், அதுக்கப்புறம் கிளம்புன்னு அன்னிக்குக் காலைல படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஒரு மணி நேரம்தானே இருக்கச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போனான். வாசல்ல நின்னு கத்தினேன், கையக் காட்டிட்டுப் போனான். நீயாவது சொன்னதைக் கேளு. எழுந்திருச்சு குடி."

கெர்ட் அன்று கிளம்புவதற்கு முன் அப்படி ஒரு பேச்சு நடந்தது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. ஷெரிப்பிடம்கூட அவள் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்து வாசலில் நின்றாள். பாய்ட் ஜாடியை எடுத்தான். டம்ளரில் ஊற்றவில்லை, ஜாடியோடு வாயில் வைத்து, அக்காவைப் பார்த்துக்கொண்டே குடித்தான். தண்ணீர் மோவாயில் வழிந்து நெஞ்சை நனைத்தது. அவன் நிறுத்தவில்லை. லாரே தலையணையை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஒவ்வொரு விம்மலுக்கும் தையல் சுரீர் சுரீர் என்று இழுத்தது. அப்படியும் அழுதாள்.